ஆவியும் ஊசியும்

மைசூருக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்களுள் மேல்கோட்டைக்குப் போகாதவர் மிகச் சிலரே. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். செல்வப்பிள்ளையைச் சேவித்துவிட்டு, கல்யாணிக் குளத்துப் படிகளில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பது நம் விடுதியின் எழுதாத பாடத்திட்டங்களுள் ஒன்று. இராமாநுசர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கியிருந்தார் என்று வைணவ மரபு கூறும் ஊர் அது. நம்மவர் வழக்கில் திருநாராயணபுரம். கன்னட நாட்டின் நடுவிலே, கோயிலுக்குள் பிரபந்தமும் வீட்டுக்குள் தமிழும் ஒலிக்கக் கேட்டு முதல் தடவை மயங்காதவர் யார்?

நான் எழுதப் புகுவது கோயிலைப் பற்றி அன்று. அந்த ஊர்த் திண்ணை ஒன்றில், ஐந்து மாத காலம் ஞாயிறுதோறும் என் காதில் விழுந்த ஒரு வைத்தியத்தின் தத்துவத்தைப் பற்றி. அது சீன நாட்டு ஊசி வைத்தியம். அக்குபங்சர் என்று பெயர்ப் பலகைகளில் காண்கிறோமே, அதுதான்.

என் தாயார் நாகர்கோவில் பக்கத்தில் பிறந்து, தந்தையாரின் வேலையை ஒட்டி மாண்டியாவில் குடியேறியவர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம் என்று டாக்டர் படம் எடுத்துச் சொல்லிவிட்டார். வலிக்கு மாத்திரை, தொடைக்குப் பயிற்சி, உடம்பு இளைக்க வேண்டும் என்ற உபதேசம், எல்லாம் நடந்தன. தாயாருக்கோ ஒரே ஒரு குறை. மேல்கோட்டை மலைமேல் இருக்கும் யோக நரசிம்மரை இனி ஏறிப் பார்க்க முடியாதே என்பது. யாரோ சொல்லி, மலையடியில் ஒரு பெரியவரிடம் போனோம். கல்கத்தாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயே ஊசி வைத்தியம் கற்றவர். ஊசிக்கு உள்ள காசைத் தவிர வேறொன்றும் வாங்குவதில்லை.

நான் உயிர்வேதியியல் முதுகலை மாணவன். ஊசி குத்தி மூட்டு வலி போகும் என்றால், எந்த நரம்பு, எந்த மூலக்கூறு என்று கேட்கப் பழகியவன். முதல் நாளே கேட்டும்விட்டேன். பெரியவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ கேக்கறது உன் பாஷையில. நான் படிச்சது வேற பாஷையில. மொதல்ல அந்தப் பாஷையைக் கேளு. சரியா தப்பான்னு அப்புறம் சண்டை போடலாம்" என்றார்.

நியாயமாகப் பட்டது. கேட்டேன். கேட்டதைத்தான் முதலில் இங்கே சொல்கிறேன். சண்டை பின்னால் வரும்.

"உசிர்னு ஒண்ணு ஓடிண்டே இருக்கு பாரு, சீனாக்காரன் அதுக்குச் சீன்னு பேர் வச்சிருக்கான்" என்று தொடங்கினார் பெரியவர்.

"சீயா? நல்ல காரியத்துக்கு நல்ல பேராட்டு வச்சிருக்கப்படாதா?" என்றார் என் தாயார்.

பெரியவர் சிரித்துவிட்டார். பிறகு ஒரு காகிதத்தில் அந்தச் சீன எழுத்தை எழுதிக் காட்டினார். பழைய முறையில் எழுதினால் கீழே அரிசி, மேலே எழும் ஆவி. சோறு கொதிக்கும்போது மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறதே, அதுதான். அதைக் கேட்டதும் என் தாயாருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் ஒன்று விளங்கிற்று. நம் மொழியிலும் சோற்றுப் பானையிலிருந்து எழுவது ஆவி. மனிதன் இறந்தால் பிரிவதும் ஆவி. ஆங்கிலத்தில் இதை மொழிபெயர்க்க முயன்றவர்கள் சக்தி என்றும், மூச்சு என்றும், வீரியம் என்றும் எத்தனையோ சொல்லித் திண்டாடியிருக்கிறார்கள். தமிழனுக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை. அன்று முதல் அந்தத் திண்ணையில் 'சீ' போய் 'ஆவி' வந்தது. நானும் இங்கு அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஆவிக்கு ஊற்று மூன்று: பெற்றோர் தந்தது, உண்ட உணவு, உள்ளிழுத்த காற்று. அது உடம்பில் பன்னிரண்டு பெருவழிகளில் ஓடுகிறது. நுரையீரல், பெருங்குடல், இரைப்பை, மண்ணீரல், இருதயம், சிறுகுடல் என்று ஒவ்வொரு வழிக்கும் ஓர் உறுப்பின் பெயர். பெயர்தான் உறுப்புடையது, வழி அந்த உறுப்போடு நிற்பதில்லை. இரைப்பையின் வழி முகத்தில் தொடங்கி, மார்பு வழியே இறங்கி, முழங்காலின் முன்புறம் கடந்து, காலின் இரண்டாம் விரலில் முடிகிறது. வயிற்றுக் கோளாறுக்கு முழங்காலுக்குக் கீழே ஊசி ஏற்றுவது இதனால்தான். உறுப்புகளிலும் ஒன்றுக்கு நம் உடற்கூற்று நூலில் இடமே இல்லை. முக்கொதிகலன் என்று அதைத் தமிழில் சொல்லலாம். மார்பு, வயிறு, அடிவயிறு மூன்றிலும் நீரையும் வெப்பத்தையும் நடத்தும் ஓர் அதிகாரி அது. அதிகாரம் உண்டு, ஆள் இல்லை.

வழிகளில் பாதி 'இன்', பாதி 'யாங்'. இந்தச் சொற்களைச் சுற்றி எத்தனையோ தத்துவப் புகை கிளம்பியிருக்கிறது. மூலப் பொருள் எளியது. மலையின் நிழல் விழும் பக்கம் இன். வெயில் படும் பக்கம் யாங். மேல்கோட்டையில் காலை ஏழு மணிக்கு நின்று மலையைப் பார்த்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம். மனிதனையும் அப்படியே பார்த்தார்கள் சீனர்கள். கோபுரத்தைக் கண்டு இரு கையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுகிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கையின் புறப்பக்கம் வழியாகவும் தலை, முதுகு, காலின் வெளிப்பக்கம் வழியாகவும் யாங் ஆவி வானத்திலிருந்து இறங்குகிறது. காலின் உட்பக்கம், வயிறு, மார்பு, கையின் உட்பக்கம் வழியாக இன் ஆவி மண்ணிலிருந்து ஏறுகிறது. இறங்கியது ஏறுவதோடு சேர, வட்டம் நிறைகிறது.

அந்த வட்டத்திற்குக் கடிகாரமும் உண்டு. விடியற்காலை மூன்று முதல் ஐந்து மணி வரை ஆவி நுரையீரல் வழியில் ஓங்கி நிற்கும். ஐந்து முதல் ஏழு பெருங்குடல். ஏழு முதல் ஒன்பது இரைப்பை. இப்படி இரண்டிரண்டு மணியாகச் சுற்றி, இரவு ஒன்று முதல் மூன்று கல்லீரலில் முடிகிறது. இரைப்பையின் ஆவி காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் இடையே உச்சத்தில் இருக்கிறது என்பதற்கு நம் விடுதிச் சாப்பாட்டு அறையைவிடச் சிறந்த சான்று கிடையாது.

ஆனால் என்னை உண்மையில் கவர்ந்தது நீர்ப் பாசனக் கணக்குத்தான். ஊசி வைத்தியத்தின் மூலநூல் 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்'. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பெற்றது. அதன் ஒரு பகுதியில் உடம்பின் பன்னிரண்டு வழிகளும் சீனத்தின் பன்னிரண்டு ஆறுகளோடு ஒப்பிடப்படுகின்றன. முழங்கைக்கும் விரல் நுனிக்கும் இடையிலும், முழங்காலுக்கும் கால்விரலுக்கும் இடையிலும் ஒவ்வொரு வழியிலும் ஐந்து இடங்கள் உண்டு. விரல் நுனியில் கிணறு, அடுத்து ஊற்று, பின் ஓடை, பின் ஆறு, முட்டியில் கடல். ஆற்றங்கரையில் வாழ்ந்து, வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அஞ்சி, வாய்க்கால் வெட்டியும் கரை கட்டியும் பிழைத்த மக்கள் தம் உடம்பையும் அப்படித்தானே பார்ப்பார்கள்?

மாண்டியாவில் வளர்ந்த எனக்கு இது எளிதில் புரிந்தது. 1911இல் வேலை தொடங்கிய கிருஷ்ணராஜ சாகரமும், அதிலிருந்து வரும் விசுவேசுவரய்யா கால்வாயும் இல்லாவிட்டால் மாண்டியாவுக்குக் கரும்பு ஏது? கடைமடை வயல் காய்கிறது என்றால் அந்த வயலில் நின்று மண்ணைத் தோண்டிப் பயனில்லை. மேலே எங்கோ மதகில் குப்பை அடைத்திருக்கிறது. அல்லது அணையிலேயே நீர் இல்லை. அல்லது பக்கத்து மடைக்காரன் அளவுக்கு மீறி எடுத்துவிட்டான். சீன வைத்தியன் நோயாளியைப் பார்ப்பதும் இதே கண்ணோடுதான். வலி என்பது ஓட்டம் தடைப்பட்டதன் அடையாளம். எங்கே வலிக்கிறது என்பது அவனுக்கு இரண்டாவது கேள்வி. எங்கே அடைத்தது, ஏன் அடைத்தது என்பதே முதற்கேள்வி. ஊசி என்பது மதகைத் தட்டிவிடும் கோல். ஊசி மருந்து எதையும் உள்ளே செலுத்துவதில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அது திடமான, மெல்லிய கம்பி. குறுக்களவு கால் மில்லிமீட்டர் இருக்கும்.

என் தாயாரின் முழங்காலுக்குப் பெரியவர் சொன்ன காரணம் இரண்டு. காற்று, குளிர், ஈரம் மூன்றும் வெளியிலிருந்து மூட்டுக்குள் புகுந்து வழியை அடைத்துவிட்டன என்பது ஒன்று. வாயுப் பிடிப்பு என்று நம் பாட்டிமார் சொல்வதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. எலும்புக்கு அதிகாரி சிறுநீரகம். வயது ஏற ஏற அதன் ஆவி தளர்கிறது என்பது மற்றொன்று. நாடி பார்த்து இதைத் தேறினார். மூன்று விரல்களை மணிக்கட்டில் வைக்கும் வரை அவரும் நம் சித்த வைத்தியரும் ஒன்றே. அதற்கு மேல் பிரிகிறார்கள். நம்மவர் மூன்று விரலில் வாதம், பித்தம், கபம் பார்க்கிறார். சீன முறையில் ஒவ்வொரு விரலடியிலும் ஓர் உறுப்பு பேசுகிறது. இடக்கையில் இருதயம், கல்லீரல், சிறுநீரகம்; வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், மறுபடி சிறுநீரகம்.

பின் இடங்களை அளந்தார். அளவுகோல் அவருடைய விரல் அன்று. என் தாயாருடைய விரல். முழங்காற் சில்லின் கீழ்ப்பள்ளத்திலிருந்து, நோயாளியின் நான்கு விரற்கடை கீழே, முன்னெலும்புக்கு ஒரு பெருவிரல் வெளியே ஓர் இடம். சீனப் பெயருக்குக் 'கால் மூன்று கல்' என்பது போலப் பொருள். களைத்தவனும் அங்கே தூண்டினால் இன்னும் மூன்று கல் நடப்பானாம். சில்லின் இருபுறமும் உள்ள பள்ளங்களுக்கு 'முழங்காற் கண்' என்று பெயர். அவற்றுள் வெளிப்புறத்ததற்குக் 'கன்றின் மூக்கு' என்றும் பெயர். முழங்காலை மடக்கிப் பாருங்கள், உண்மையிலேயே கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி இருக்கும். பெயரிட்டவன் மாட்டுத் தொழுவம் பார்த்தவன்.

ஊசி ஏறியதும் பெரியவர் கேட்கும் கேள்வி ஒன்றே. "கனக்கறதா?" கனம், மதமதப்பு, மரத்தல், உள்ளுக்குள் ஒரு விம்மல், இவற்றுள் ஒன்று தோன்ற வேண்டும். தோன்றினால் ஆவி வந்துவிட்டது என்பது கொள்கை. "தூண்டில்ல மீன் கடிச்சாப்பல எனக்கும் விரல்ல தெரியும்" என்பார். பின் அரை மணி நேரம் ஊசிகள் நின்றபடியே இருக்கும். தாயார் கால் நீட்டிப் பேசிக்கொண்டிருப்பார்.

அப்படிப் பேசும்போதுதான் ஒருநாள், "எங்க ஊர்ல ஆசான்மாருக்கு ஊசியே வேண்டாம். விரலு போதும்" என்றார்.

குமரி நாட்டுக்காரருக்கு வர்மத்தைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. உடம்பில் வர்மம் 108. அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அடிபட்டால் உயிருக்கே ஆபத்து விளைக்கும் இடங்கள் படுவர்மங்கள். களரியில் எதிரியை வீழ்த்தும் அறிவும், வீழ்ந்தவனை எழுப்பும் அறிவும் ஒரே ஆசானிடம் இருந்தன. ஓரிடத்தில் பட்ட அடிக்கு வேறோரிடத்தில் தட்டியும் தடவியும் இளக்குவார். அதற்கு இளக்குமுறை என்று பெயர். அங்கும் ஓடுவது பிராணன் முதல் தனஞ்சயன் வரை பத்து வாயுக்கள். ஓடும் வழி எழுபத்தீராயிரம் நாடிகள். அளவு நோயாளியின் விரற்கடை. சுசுருதர் கூறும் மர்மங்கள் 107.

இவற்றுள் எது எதற்குத் தாய் என்று சண்டையிடுவோர் உளர். போதிதருமர் காஞ்சியிலிருந்து கொண்டுபோனார் என்று முடித்துவிடுவோரும் உளர். அதற்குச் சான்று கேட்டால் கோபம் வரும். எனக்கு அந்தப் பந்தயத்தில் ஆர்வம் இல்லை. மேலும் ஒரு பெரிய வேற்றுமையை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். வர்மம் அடியிலிருந்து பிறந்த அறிவு. எந்த இடம் பட்டால் மனிதன் விழுகிறான் என்று கண்டவர்களின் அறிவு. ஊசி வைத்தியமோ வானத்தையும் ஆற்றையும் பருவத்தையும் உடம்பில் பொருத்திப் பார்த்தவர்களின் அறிவு. இடங்கள் சில ஒத்துப்போகலாம். பிறந்த வீடு வேறு.

பொருத்திப் பார்த்தவர்கள் என்று சொன்னேன். அதற்குக் கணக்கு ஒன்று காட்டுகிறேன். விஞ்ஞான மாணவர்களுக்குச் சுவைக்கும். உள்நூலின்படி மனிதன் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 13,500 மூச்சு விடுகிறான். ஒரு மூச்சுக்கு ஆவி ஆறு அங்குலம் நகர்கிறது (சீன அங்குலம்). வழிகளின் மொத்த நீளம் 162 அடி, அதாவது 1,620 அங்குலம். ஆகவே 270 மூச்சில் ஒரு சுற்று. நாளுக்குச் சரியாக 50 சுற்று. எவ்வளவு அழகாக வகுபடுகிறது! ஆனால் 13,500 மூச்சு என்றால் நிமிடத்துக்கு ஒன்பதேகால் சொச்சம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை விடுகிறார் என்பது நாம் படித்தது. நம் மரபோ நாளுக்கு 21,600 மூச்சு என்கிறது. நிமிடத்துக்குப் பதினைந்து!

உடனே மார்தட்டிக்கொள்ளத் தோன்றுகிறது அல்லவா? எனக்கும் தோன்றிற்று. சற்றுப் பொறுங்கள். நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 360 மூச்சு, பெருக்கினால் 21,600. இரண்டுமே எண்ணி எழுதிய தொகைகள் போலத் தோன்றவில்லை; பெருக்கி எழுதியவை போலத்தான் தோன்றுகின்றன. நம்முடையது உண்மைக்கு அருகில் விழுந்தது, அவ்வளவே. ஊசி இடங்களின் தொகையும் அப்படித்தான். ஆண்டுக்கு 365 நாள், ஆகவே உடம்பில் 365 இடம் என்றது உள்நூல். அத்தனைக்கும் அதிலே பெயர் கிடையாது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் இருப்பவை 361.

இந்த வைத்தியம் நம் நாட்டுக்கு வந்த வழியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1938இல், ஜப்பானியர் படையெடுப்பில் தவித்த சீனத்துக்குக் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவர் சோலாப்பூர் துவாரகாநாத் கோட்னிஸ்; 1942இல் அங்கேயே உயிர் நீத்தார். மற்றொருவர் வங்காளத்து விஜயகுமார் பாசு. அவர் 1950களின் இறுதியில் மறுபடி சீனம் சென்று ஊசி முறையைக் கற்று வந்து கல்கத்தாவில் பரப்பினார். மருந்து கொடுக்கப் போன நாட்டிலிருந்து வைத்தியம் வாங்கி வந்த கதை இது. சீனத்திலும் ஊசிக்கு எப்போதும் அரியணை கிடைத்ததில்லை. 1822இல் அரசவை மருத்துவக் கழகத்திலிருந்து அதை நீக்க அரசனே ஆணையிட்டான். 1950களில் புதிய அரசு தூக்கி நிறுத்தியது.

இனிச் சண்டைக்கு வருவோம்.

அந்த வழிகளை அறுவைக் கத்தியால் எவரும் கண்டதில்லை. 1960களில் வட கொரியாவில் கிம் போங் ஹான் என்பவர் கண்டுவிட்டதாக முழங்கினார். பிறர் சோதனையில் அது நிலைபெறவில்லை. ஊசி ஏறும்போது உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. 1977இல் பல்லுக்குச் சோதனை வலி கொடுத்து ஊசியால் தணித்து, பின் நலாக்சோன் மருந்து செலுத்தியபோது அந்தத் தணிவு மறைந்தது. உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்கள் அங்கு வேலை செய்கின்றன என்பது கருத்து. 2010இல் வெளியான சுண்டெலி ஆய்வில், அதே 'கால் மூன்று கல்' இடத்தில் ஊசியைத் திருகியபோது அடினோசின் பெருகி வலி நரம்பை அடக்கியது. ஆகவே ஊசி வெறும் மாயம் என்பாரும் அவசரக்காரரே.

ஆனால் ஜெர்மனியில் முழங்கால் தேய்மானத்துக்கென்றே நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள், மூன்று பிரிவு. ஒரு பிரிவுக்கு மரபுப்படி ஊசி. ஒரு பிரிவுக்குப் பொய் ஊசி, அதாவது வழிகளில் சேராத இடங்களில், ஆழமின்றி. மூன்றாம் பிரிவுக்கு ஊசிக்குப் பதிலாக டாக்டரின் வழக்கமான கவனிப்பு. இருபத்தாறு வாரம் கழித்து நல்ல குணம் கண்டவர் மெய் ஊசியில் நூற்றுக்கு 53. பொய் ஊசியில் 51. மூன்றாம் பிரிவில் 29. மூன்றாம் பிரிவினருக்குத் தமக்கு ஊசி இல்லை என்பது தெரியும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இதைப் படித்த இரவு நெடுநேரம் உறங்கவில்லை. என் தாயாருக்கு வலி குறைந்துகொண்டுதான் வந்தது. ஆனால் அளந்து குத்திய இடத்துக்கும் அளவாமல் குத்திய இடத்துக்கும் வேற்றுமை இரண்டே பேர் என்றால், ஆறும் ஓடையும் கன்றின் மூக்கும் எங்கே போயின?

மறைத்து வைக்கலாம். மறைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. மாண்டியாவில் எங்கள் தெரு அம்மையார் ஒருவர், வேறோர் ஊரில் ஊசி போடுபவர் பேச்சைக் கேட்டு, "ஆவி சீரானால் சர்க்கரையும் சீராகும்" என்று இன்சுலினை நிறுத்திவிட்டார். சில நாளில் நினைவிழந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார்கள், பிழைத்தது பெரும்பேறு. என் தாயாருக்கும் சர்க்கரை உண்டு. மண்ணீரலின் ஆவி என்று உள்நூல் சொல்வது எவ்வளவு அழகாக இருந்தாலும், கணையம் செய்யும் வேலையை அது செய்யாது. அழகான விளக்கம் ஒன்று கையில் இருந்தால் எல்லாப் பூட்டையும் அதனாலேயே திறக்கப் பார்ப்பது மனித இயல்பு. அங்கேதான் உயிர் போகிறது. நம் பெரியவர் இந்த விஷயத்தில் கறார். முதல் நாளே, "சக்கரை மாத்திரையை நிறுத்தினேள்னா இந்தத் திண்ணைக்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டவர். மார்பில் ஊசி ஏற்றவே மாட்டார். நுரையீரலில் துளை விழக்கூடும் என்பது அவர் அறிந்தது. ஒருவருக்குத் தொட்ட ஊசி மறுபடி எவரையும் தொடாது.

அந்த நம்பிக்கையில்தான் அடுத்த ஞாயிறு ஆய்வின் எண்களை அவரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் முகம் சிவந்தது.

"அப்போ நான் விரக்கடை அளந்து அளந்து குத்தறதெல்லாம் பொம்மலாட்டமா?"

நான் பேசவில்லை. தாயார் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று நேரங்கழித்து அவரே கேட்டார்.

"பொய் ஊசின்னா என்ன? தோலைத் துளைச்சுதா, இல்லையா?"

"துளைத்தது."

"அப்போ அதுவும் ஊசிதானேப்பா! வெல்லப் பாயசத்தையும் சக்கரைப் பாயசத்தையும் கொடுத்துட்டு, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, அதனால பாயசத்துல இனிப்பே இல்லேன்னு சொல்ல முடியுமா?"

நல்ல கேள்வி. இதே கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் எழுப்பியிருக்கிறார்கள். ஆழமின்றிக் குத்துவதையே முறையாகக் கொண்ட வைத்தியர்கள் ஜப்பானில் உண்டு. நான் விடவில்லை.

"அப்படியே வைத்துக்கொள்வோம். ஊசி பிழைத்துக்கொள்கிறது. ஆனால் வரைபடம் தோற்றுப்போகிறதே! எந்த இடத்தில் குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், பன்னிரண்டு ஆறும் எதற்கு?"

இதற்கு அவர் உடனே விடை சொல்லவில்லை. ஊசிகளை எடுத்து டப்பாவில் போட்டு மூடினார். அந்த ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டு வா என்றார். ஆங்கிலம் தெரியும், ஆனால் இந்த வயதில் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிக்கவில்லையாம்.

என் கருத்தைக் கேட்டால், வழிகள் உடம்பில் உள்ள குழாய்கள் அல்ல. வைத்தியன் நோயாளியை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கட்டிய ஒழுங்கு அவை. தூக்கம் எப்படி, பசி எப்படி, எந்த மணிக்கு வலி, மழைக்கு ஏறுகிறதா வெயிலுக்கு இறங்குகிறதா என்று என் தாயாரை அத்தனை கேட்டவர் வேறெவரும் இல்லை. கேட்க வைத்தது அந்த ஆறும் ஓடையும்தான். ஆனால் இந்தக் கருத்தையும் நான் சோதித்துப் பார்த்ததில்லை. பெரியவர் கொள்கையைச் சோதிக்கச் சொல்லும் நான் இதற்கு மட்டும் விலக்குக் கேட்க முடியாது.

திரும்பும் பஸ்ஸில் தாயார் கேட்டார்.

"உள்ளதைச் சொல்லு மக்களே. இந்த ஊசியெல்லாம் நெசமா?"

53, 51, 29 என்று மூன்று எண்களையும் சொல்லி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்க குத்தினாலும் கேக்கும்னா, இடம் தெரிஞ்சவருகிட்டயே குத்திக்கிடுகேன். அதுல உனக்கென்ன நட்டம்?"

சர்க்கரை மாத்திரையும் தொடைப் பயிற்சியும் நிற்கவில்லை. மலையில் பாதிப் படி வரை ஏறி இறங்குகிறார். மேலே போகும் நாள் இன்னும் வரவில்லை.

கட்டுரையைத் தமிழில் எழுதிப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பித் தந்தார். ஓரத்தில் பென்சிலால் பதினொரு கேள்விகள் எழுதியிருந்தார். பொய் ஊசி ஏற்றியவரும் மெய் ஊசி ஏற்றியவரும் ஒரே ஆளா, பொய் ஊசியில் கனம் தெரிந்ததா என்று யாராவது கேட்டார்களா, பொய் இடம் என்று தேர்ந்தெடுத்தது எதை வைத்து, இப்படி. நான்குக்கு விடை கண்டிருக்கிறேன். மீதி ஏழும் என் மேசைமேல் இருக்கின்றன.